யார்மீது குவிகிறது நம் பார்வை?

மனிதக் கண்ணுக்கு இறைவன் அளித்துள்ள ஆற்றல்களுள் நாம் எண்ணிப் பார்க்காத ஒன்று உண்டு. கையிலிருக்கும் செபமாலை மணியைப் பார்க்கிறோம். மறுகணமே தலை நிமிர்ந்து பீடத்தருகே எரியும் விளக்கைப் பார்க்கிறோம். இரண்டும் தெளிவாகவே தெரிகின்றன. அந்த இடைவெளியில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை தன் வடிவை மாற்றிக்கொண்டதை நாம் உணர்வதேயில்லை. நாற்பது வயதைக் கடந்து, வெள்ளெழுத்து வந்து, பாட்டுப் புத்தகத்தை ஒரு முழம் தள்ளிப் பிடிக்கும் நாளில்தான், அதுவரை நமக்குள் ஓசையின்றி ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது என்பது நினைவுக்கு வருகிறது.

காமிராவுக்கு இக்கொடை பிறவியிலேயே வாய்க்கவில்லை. நெடுங்காலம் மனிதனின் கையே அதற்குக் கண்ணாக இருந்தது. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பித் திருப்பி, உருவம் தெளிவுறும் இடத்தில் நிறுத்திப் படமெடுத்தார்கள். 1977-இல் கோனிகா நிறுவனம் வெளியிட்ட சி35 ஏஎஃப் என்னும் சிறிய காமிராதான், தானே தொலைவை அறிந்து குவியத்தைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றலோடு பெருமளவில் விற்பனைக்கு வந்த முதற்கருவி. 1985-இல் வந்த மினோல்டா 7000, தொழில்முறைக் கலைஞர்கள் கையாளும் வகைக் காமிராக்களிலும் அவ்வாற்றலை நிலைபெறச் செய்தது. இன்று நம் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியும் அதைச் செய்கிறது. ஆட்டோஃபோகஸ் என்று எல்லாரும் வழங்கும் இவ்வமைப்பைப் பற்றித்தான் இங்குச் சிறிது சிந்திக்க விழைகிறேன்.

எங்கள் பங்கின் விழாக்களைப் படமெடுத்துப் பங்கு ஆவணத்தில் சேர்க்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் உள்ளது. இதை வயிற்றுப் பிழைப்பாகக் கொண்டவன் அல்லேன், ஆர்வத்தால் கற்றவன். என்னோடு உதவிக்கு வரும் இளைஞர்கள் புதிய காமிராவைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதற்கேள்வி, "இதை எந்த மோடில் வைக்க வேண்டும்?" என்பதே. நான் உடனே விடை சொல்வதில்லை. அவர்களிடம் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். நீ படமெடுக்கப் போகும் மனிதர் நிற்கிறாரா, நடக்கிறாரா? இத்தனை பேர் நடுவில் நீ பார்க்க வந்தது யாரை?

முதற்கேள்விக்குரிய விடையைப் பொறுத்தே குவிய முறை அமையும். டிஜிட்டல் காமிராக்களில் இதற்குப் பொதுவாக மூன்று முறைகள் உள்ளன. ஒற்றைக் குவியம் என்பது முதலாவது. நிக்கான் காமிராவில் ஏஎஃப்-எஸ் என்றும், கேனான் காமிராவில் ஒன் ஷாட் என்றும் இது குறிக்கப்படும். பொத்தானைப் பாதியளவு அழுத்தியதும் காமிரா ஒரு முறை தேடி, தெளிவைக் கண்டு, அங்கேயே நின்றுவிடும். விரலை எடுக்கும்வரை அந்தத் தொலைவு மாறாது. பீடத்தின்முன் மணமக்கள் வலக்கை பற்றி வாக்குறுதி கூறும் நேரத்துக்கும், இறுதி வரிசையில் முழந்தாளிட்டுக் கண்மூடியிருக்கும் மூதாட்டிக்கும் இம்முறையே ஏற்றது. நிலைத்திருப்பவரை நிலைத்துப் பார்க்கும் முறை இது.

தொடர் குவியம் இரண்டாவது. ஏஎஃப்-சி என்றும், ஏஐ சர்வோ என்றும் இதனைக் குறிப்பார்கள். விரல் பாதியளவு அழுந்தியிருக்கும்வரை காமிரா ஓய்வதில்லை. நகர்பவரைத் தொடர்ந்தபடியே லென்ஸை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டிருக்கும். அவர் வரும் வேகத்தைக் கணித்து, ஷட்டர் திறக்கும் கணத்தில் எங்கே இருப்பார் என்பதையும் முன்கூட்டியே உய்த்தறியும். தந்தையின் கைபற்றி நடுவழியே வரும் மணமகள், புதுநன்மை வாங்க மெழுகுதிரியுடன் வரிசையாக நடந்து வரும் சிறார், தோள்களின்மேல் அசைந்து வரும் சப்பரம் ஆகியவற்றுக்கு இதுவே துணை. நடப்பவரை ஒற்றைக் குவியத்தில் வைத்தால், நாம் பிடித்து வைத்த தெளிவு அவர் விட்டுச்சென்ற இடத்திலேயே தங்கிவிடும், அவரோ மங்கலாகிவிடுவார்.

இவ்விரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பல காமிராக்களில், ஒற்றைக் குவியத்தில் வைத்திருக்கும்போது, தெளிவு கிட்டாதவரை படம் விழாது, கருவி மறுத்துவிடும். தொடர் குவியத்தில் வைத்தாலோ, நாம் அழுத்தும் கணத்தில், தெளிவு முழுமையடைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் படம் விழும். ஆகவே பின்தொடர்ந்து எடுப்பவனிடம் பழுதான படங்கள் மிகுதியாகவே இருக்கும். ஓடும் பிள்ளையை வளர்க்கும் தாய்க்கும் இது பொருந்தும் அல்லவா? வீட்டில் அமைதியாக அமர்ந்திருக்கும் பிள்ளையைப் புரிந்துகொள்வது எளிது. நாளொரு திசையில் ஓடும் பிள்ளையைத் தொடர்பவளுக்குப் பத்து முயற்சிகளில் இரண்டோ மூன்றோதான் கைகூடும். அதற்காக அவள் தொடர்வதை விட்டுவிடுவதில்லை.

மூன்றாவது முறையில் முடிவு காமிராவினுடையது. ஏஎஃப்-ஏ என்றும் ஏஐ ஃபோகஸ் என்றும் இதற்குப் பெயர். எதிரிலிருப்பவர் நிற்கிறாரா நகர்கிறாரா என்பதைக் கருவியே ஊகித்து, முதலிரு முறைகளுள் ஒன்றுக்கு மாறிக்கொள்ளும். புதிதாகக் கற்பவர்க்கு இது வசதிதான். ஆயினும் நின்றபடி தலையசைக்கும் குழந்தையை ஓடும் குழந்தை என்று அது எண்ணிவிடுவதுண்டு. ஓடத் தொடங்கும் குழந்தையை உணரச் சற்றுத் தாமதிப்பதுமுண்டு. எதிரே நிற்பவரைப் பற்றி நாம் ஏற்கெனவே அறிந்திருப்பதைக் கருவி அறியாது. அடுத்த கணத்தில் மணமகளின் தாய் கண்ணீரைத் துடைப்பாள் என்பது, அவளை இருபது ஆண்டுகளாக அறிந்த பங்குமக்களுக்குத் தெரியும். காமிராவுக்கு எப்படித் தெரியும்?

பாஸ்கா திருவிழிப்பின்போது இம்மூன்று முறைகளுமே தடுமாறுவதைக் காணலாம். கோயில் விளக்குகள் அணைக்கப்பட்டு, பாஸ்காத் திரி ஒன்றே எரியும் அந்த இருளில், லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி ஓடித் தேடும். காரணம் இதுதான்: காமிரா, நாம் காண்பது போல் மனிதரையோ பொருளையோ தேடுவதில்லை. லென்ஸின் இரு பக்கங்களின் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டு அவை ஒன்றும் இடத்தை அறிகிறது. அல்லது இருளும் ஒளியும் மிகக் கூர்மையாகப் பிரியும் நிலையைத் தேடிக் காண்கிறது. எவ்வழியாயினும் பற்றிக்கொள்ள அதற்கு ஒரு கோடு வேண்டும், ஒரு விளிம்பு வேண்டும். இருளில் கோடு தெரியாது. வெள்ளையடித்த வெற்றுச் சுவரிலும், குருவானவரின் வெண்ணிற அங்கியிலும்கூட அது பற்றுவதற்கு ஒன்றும் கிட்டாது. அப்போது திருவுடையின் பூவேலைக் கரையையோ, மூக்குக் கண்ணாடியின் விளிம்பையோ, திரிச்சுடர் முகத்தில் படும் ஓரத்தையோ தேடிக் குவியப் புள்ளியை வைக்க வேண்டும். அதுவும் இயலாதபோது பழைய வழிக்கே திரும்பி, வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும்.

இங்கே படமெடுப்போர்க்கு ஒரு சிறு வேண்டுகோள். இருளில் தடுமாறும் காமிரா, உதவிக்காகத் தானே ஒரு சிறு விளக்கை எரியவிடும். தெளிவு கிட்டியதும் 'பீப்' என்று ஒலிக்கும். கோயிலினுள் நுழையுமுன் இவ்விரண்டையும் அணைத்துவிடுவது நலம். செபத்தில் ஆழ்ந்திருப்பவரின் கண்ணில் ஒளி பாய்ச்சி அவருடைய பக்தியைப் படமெடுப்பது முறையன்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2017 நவம்பரில் தம் புதன்கிழமை மறைக்கல்வி உரையில், திருப்பலி வேளையில் எண்ணற்ற கைப்பேசிகள் உயர்வதைக் கண்டு தாம் வருந்துவதாகக் கூறினார். பொதுநிலையினர் மட்டுமன்று, குருக்களும் ஆயர்களும்கூட அவ்வாறு செய்வதை அவர் சுட்டிக்காட்டினார். குருவானவர் உயர்த்தச் சொல்வது நம் இதயங்களையே என்பது அவர் நினைவூட்டியது. கையில் காமிரா ஏந்தும் எனக்கு அந்தச் சொல் முதலில் உரியது என்றே கருதுகிறேன்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். முறையைத் தேர்ந்துவிட்டோம், ஆனால் சட்டகத்துக்குள் இருக்கும் இத்தனை பேரில் குவியம் யார்மீது விழ வேண்டும்? அதற்கும் காமிராவில் தனித் தேர்வு உண்டு. ஒரே ஒரு புள்ளியை நாமே தேர்ந்து, வேண்டியவர் முகத்தில் வைக்கலாம். அல்லது முழுப் பரப்பையும் கருவியின் பொறுப்பில் விட்டுவிடலாம். கருவியின் பொறுப்பில் விட்டால் அது பெரும்பாலும் மிக அருகில் இருப்பதையோ, கோடுகள் மிகத் தெளிவாகத் தெரிவதையோ பற்றிக்கொள்ளும். இன்றைய காமிராக்கள் முகத்தையும் கண்ணையும் அடையாளம் கண்டு பின்தொடர்கின்றன, வியக்கத்தக்க முன்னேற்றம்தான். எனினும் பல முகங்கள் இருக்குமிடத்தில் அவை வழக்கமாக நாடுவது அருகிலுள்ள பெரிய முகத்தையே. முன்வரிசையில் நிற்பவர் தெளிவாக விழுவார். தூணருகே ஒதுங்கி நிற்பவர் மங்கிவிடுவார்.

அந்த மங்கல் எவ்வளவு விரைவில் தொடங்குகிறது என்பதைப் பலர் அறியார். பழைய ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ள உணரியைக் கொண்ட காமிராவில், 85 மில்லிமீட்டர் லென்ஸை 1.8 திறப்பில் வைத்து, 2 மீட்டர் தொலைவில் நிற்பவரைப் படமெடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் மட்டுமே. நான்கு விரற்கடை அளவுகூட இல்லை. கண் தெளிவாக இருக்கும்போதே காது மங்கத் தொடங்கிவிடும். பின்னால் நிற்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

1992-இல் கேனான் நிறுவனம் வெளியிட்ட ஈஓஎஸ் 5 என்னும் காமிராவில் ஒரு புதுமை இருந்தது. படமெடுப்பவர் காட்சிக் கண்ணாடியினுள் எந்தப் புள்ளியை நோக்குகிறாரோ, அவருடைய கருவிழியின் திசையை அறிந்து, அந்தப் புள்ளியிலேயே காமிரா குவியத்தை வைத்தது. பின்னர்ச் சில காலம் வழக்கொழிந்திருந்த அவ்வமைப்பு, 2021-இல் அதே நிறுவனத்தின் ஈஓஎஸ் ஆர்3 காமிராவில் மீண்டும் இடம்பெற்றது. இதை முதன்முதலாகப் படித்தபோது என் மனத்தில் ஓர் அச்சமே எழுந்தது. நம் கண் எங்கே செல்கிறது என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி ஆகிவிடுமல்லவா!

இந்த எண்ணம் எனக்கு அழுத்தமாகப் பட்டது எங்கள் பங்கின் உபதேசியார் மறைந்த பிறகுதான். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர் அப்பணியில் இருந்தார். விடியற்காலை மணியடிப்பதும், பீடத்தில் திரிகளை ஏற்றுவதும், பிள்ளைகளுக்கு மந்திரங்கள் சொல்லிக்கொடுப்பதும், குருவானவர் இல்லாத நாள்களில் செபமாலை சொல்வதும், நோயாளியின் வீட்டுக்கு அவஸ்தைப் பூசுதலுக்காகக் குருவானவரை அழைத்துச் செல்வதும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டப்படும்வரை உடன் நிற்பதும் அவரே. அவர் இறந்த சில நாள்களில் அவருடைய மகள் என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, அப்பா கோயில்ல நிக்கிற மாதிரி ஒரு படம் இருந்தா தேடித் தாங்க. நினைவு அட்டையில போடணும். ரேசன் கார்டுல இருக்கிற படத்தைப் போட மனசு வரலை."

கடினமான வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் இல்லாத கோயில் நிகழ்ச்சி ஏது? பங்கு இல்லத்து அலமாரியிலிருந்த ஆல்பங்களை எல்லாம் இறக்கிவைத்துப் பார்க்கத் தொடங்கினேன். வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு புகைப்படக்காரர்கள் எடுத்தவை அவை. கொடியேற்றம், ஆயரின் வருகை, புதுநன்மை, வெள்ளிவிழா, புதிய மணிக்கூண்டு அர்ச்சிப்பு என்று நூற்றுக்கணக்கான படங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் உபதேசியார் இருந்தார். ஆயருக்குப் பின்னால், மாலைகளைத் தட்டில் ஏந்தி. மணமக்களுக்குப் பின்னால், கையெழுத்திடும் ஏட்டைப் பிடித்தபடி. பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால், சுவரோரமாக. அனைத்திலும் அவர் ஒரு வெண்ணிற நிழலாகவே இருந்தார். வேட்டியும் மேல்துண்டும் தெரிந்தன, முகம் தெரியவில்லை. அந்தப் படங்களில் குறையொன்றும் இல்லை. விழாநாயகர்மீது குவியம் சரியாகவே விழுந்திருந்தது.

இரண்டு மாலைப்பொழுதுகள் கழிந்தன. இறுதியில் ஆல்பம் ஒன்றின் பின்னட்டையில் செருகியிருந்த பழைய உறை ஒன்று கிடைத்தது. ஆல்பத்தில் ஒட்டத் தகாதவை என்று ஒதுக்கப்பட்ட படங்கள் அதில் இருந்தன. 1990-களின் பிற்பகுதியில் நடந்த உறுதிபூசுதல் ஒன்றின் படம் அவற்றுள் ஒன்று. இடப்பக்கம் ஆயர், வலப்பக்கம் நெற்றியை ஏந்தி நிற்கும் சிறுமி. இருவருமே மங்கலாக இருந்தனர். இருவருக்கும் இடைப்பட்ட வெளியில், சற்றுப் பின்னே, கிறிஸ்மா தைலக் குப்பியும் பஞ்சும் வைத்த தட்டை ஏந்தியபடி உபதேசியார் நின்றார். அவர் மட்டும் அவ்வளவு தெளிவாக இருந்தார். நரைத்த மீசை, கழுத்தில் உத்தரியக் கயிறு, தட்டு சாயாமலிருக்கக் கூர்ந்து நோக்கும் கண்கள், ஏதோ செபம் முணுமுணுக்கும் உதடுகள்.

அது எப்படி நேர்ந்தது என்பதைக் காமிரா அறிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அக்காலத் தானியங்கிக் காமிராக்களில் குவியப் புள்ளி சட்டகத்தின் நடுவில் இருந்தது. இருவர் பக்கம் பக்கமாக நிற்கும்போது அந்தப் புள்ளி இருவருக்கும் இடையே நழுவிப் பின்னாலிருப்பதைப் பற்றிக்கொள்ளும். முதலில் ஒருவர் முகத்தில் புள்ளியை வைத்துப் பாதியளவு அழுத்தி, பிறகு சட்டகத்தை நகர்த்துவதே அதற்குரிய பாடம். தொழில் இலக்கணப்படி அது பழுதான படம். டிஜிட்டல் காமிராவில் எடுத்திருந்தால் அன்றைக்கே அழித்திருப்பார்கள். ஃபிலிம் சுருளில் எடுத்த எல்லாவற்றையும் அச்சிட்டதால் மட்டுமே அது பிழைத்திருந்தது.

அந்தப் படம்தான் நினைவு அட்டையில் இடம்பெற்றது. முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து அட்டையைக் கையில் வாங்கியவர்கள் பலரும் கோயில் வாயிலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவர் இப்படியா இருந்தார்!" என்று ஒரு பெரியவர் சொன்னது என் காதில் விழுந்தது. நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் கண்ட முகம் அது.

மாற்கு நற்செய்தியில் பெத்சாய்தா ஊர்ப் பார்வையற்றவரின் நிகழ்ச்சி என்னை எப்போதும் ஈர்க்கும். ஆண்டவர் செய்த அருஞ்செயல்களுள் இரண்டு படிகளில் நிறைவேறியது அது. முதன்முறை கைவைத்தபோது அவருக்குப் பார்வை வந்தது. ஆனால் மனிதர்கள் நடமாடும் மரங்களாகத் தெரிந்தார்கள். ஆண்டவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மீண்டும் கைவைத்த பிறகே அவர் அனைத்தையும் தெளிவாகக் கண்டார். பார்வை கிடைப்பது ஒரு கொடை. மனிதரை மனிதராகக் காண்பதற்கு இன்னொரு முறை அவர் நம்மைத் தொட வேண்டியிருக்கிறது. பங்கில் பணியாற்றும் பலர் நமக்கு இன்னும் மரங்களாகவே நடமாடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், நாம் முதற்படியிலேயே நின்றுவிட்டோமோ என்று தோன்றுகிறது.

அதே நற்செய்தியில் யாயிரின் வீட்டுக்கு ஆண்டவர் செல்லும் வழியையும் நினைத்துப் பார்ப்போம். இறக்கும் தறுவாயில் ஒரு சிறுமி, கெஞ்சும் தந்தை, நெருக்கும் கூட்டம். சென்றே ஆகவேண்டிய பயணம். அந்த விரைவிலும், 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்திய ஒரு பெண் பின்னாலிருந்து அவருடைய ஆடையைத் தொட்டதும் அவர் நின்றுவிட்டார். எல்லாரும் நெருக்கும்போது யாரென்று கேட்பதா என்று சீடர்கள் வியந்தார்கள். அவர்கள் கண்டது கூட்டத்தை. ஆண்டவர் சுற்றிலும் நோக்கி அந்த ஒருவரைத் தேடினார்; அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்; பின்னர் சிறுமியின் வீட்டுக்கும் சென்றார். தொடர வேண்டியவரைத் தொடரவும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் அவர் அறிந்திருந்தார். அருகிலிருந்த பெரிய முகங்கள் அவருடைய பார்வையை மறைக்கவில்லை.

காமிராவின் குவிய முறைகளைப் பற்றிக் கேட்கும் இளைஞர்களுக்கு இப்போதெல்லாம் நான் இவ்வளவையும் சொல்லி அவர்களைச் சோதிப்பதில்லை. நிற்பவர்க்கு ஒற்றைக் குவியம், நடப்பவர்க்குத் தொடர் குவியம், இருளில் கை, பலர் இருக்குமிடத்தில் உன் விருப்பப்படி ஒரு புள்ளி என்று சுருங்கச் சொல்லிவிடுகிறேன். அதோடு ஒரு பணியையும் கொடுக்கிறேன். ஒவ்வொரு விழாவிலும், விழாநாயகரை எடுத்து முடித்தபின், பெயர் அறிவிக்கப்படாத ஐந்து பேரையாவது குவியப் புள்ளியில் வைத்து எடுத்துவர வேண்டும். அசனத்துக்கு அரிசி களைபவர், பீடத்துணிகளைத் துவைக்கும் பெண், ஒலிபெருக்கிக் கம்பியைச் சுற்றிவைப்பவர், சப்பரத்தின் பின்கோடியில் தோள் கொடுப்பவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. முதலில் தயங்கியவர்கள் இன்று அவர்களுடைய பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

காமிரா இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். கைப்பேசியின் திரையில், நீங்கள் விரும்பும் முகத்தின்மீது விரலால் ஒரு முறை தொட்டால் போதும். குவியம் அங்கே செல்லும். பல கைப்பேசிகளில் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அது அங்கேயே நிலைத்தும் நிற்கும். வரும் கிறிஸ்து பிறப்பு விழாவில் உங்கள் குடும்பம் ஒன்றுகூடிப் படமெடுக்கும்போது, அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு இறுதியாக வந்து ஓரத்தில் நிற்பவர் யாரென்று பாருங்கள். அவருடைய முகத்தின்மீது விரலை வையுங்கள்.